யோஷிகோவின் மகனை நான் கொடுத்த கதை

முதலில் யார் நிமிர்வது என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றேன். அன்றைய முதல் சிக்கல் அதுதான்.

டென்மார்க்கில், ஓல்போர்க் கடலோரத்து விடுதி ஒன்றின் சாப்பாட்டு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நீள மேசையின் இந்தப் பக்கம் நானும் இவரும். இவர் என்றால் என் கணவர். முப்பத்தெட்டு வருடமாக வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. எதிரே ஜப்பானிலிருந்து வந்திறங்கிய நிஷிமுரா ஐயாவும் அவர் மனைவியும்.

ஐயா குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்து, நான் இன்னும் குனிந்திருப்பதைக் கண்டு, மறுபடியும் குனிந்தார். மரியாதையில் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரி தோற்கக்கூடாது என்று நானும் விடவில்லை. என் முதுகுக்கும் எனக்கும் ஏற்கனவே பேச்சுவார்த்தை சரியில்லை. பக்கத்தில் இவர், மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போதும், நிமிரும். கேக் வருது" என்றார். அன்று முழுவதும் அவர் பேசிய உருப்படியான வசனம் அது ஒன்றுதான்.

மேசையின் ஒரு கரையில் என் சிநேகிதி யோஷிகோவும் அவள் மகன் கென்னும். மறு கரையில் நிஷிமுரா வீட்டின் ஒரே மகள் ஹருகா. ஏழு பேருக்கும் நடுவில் நான்தான் தலைவி. அதாவது கலியாணத் தரகி. ஹொல்ஸ்டெப்ரோவில் இருபது வருடத்துக்கு மேல் வயோதிபர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தி ஓய்வு பெற்ற நான், ஜப்பானிய முறைப்படி நடக்கும் பெண் பார்ப்புக்குத் தரகியானது எப்படி என்று கேட்பீர்கள். நானும் அந்த மேசையில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டேனிஷ்காரர் சரிவராது

யோஷிகோவும் நானும் ஒரே வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தோம். நான் மேல்மாடியில், அவள் சமையலறையில். டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மிச்சம் இருப்பது கென் ஒருவன். காற்றாலைப் பொறியியலாளன். ஆறடிக்கு மேல் உயரம், தாயின் கண், வாயைத் திறந்தால் அசல் யூட்லாண்ட் விவசாயியின் டேனிஷ். சனிக்கிழமை தவறாமல் தாயிடம் வந்து, வாரம் முழுவதற்குமான சோற்றை ஒரு வேளையில் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

எங்கள் இருவருக்கும் பொதுமொழி டேனிஷ். அவளுடைய டேனிஷ் ஜப்பானில் பிறந்தது, என்னுடையது கொக்குவிலில் பிறந்தது. மூன்றாம் ஆள் கேட்டால் தலைசுற்றும். எங்களுக்குள் ஒரு சொல்லும் பிசகியதில்லை. அதனால் இங்கே அவள் பேச்சையும் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் காலை பிஸ்கட் பெட்டியோடு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். எதையாவது கேட்க வந்தால்தான் அவள் நுனியில் உட்காருவாள்.

"கென்னுக்கு ஒரு கலியாணம் சரிவரும்போலை இருக்கு. பெட்டையின்ர தகப்பன் முறைப்படிதான் செய்யோணும் எண்டு நிக்கிறார்."

முறை என்றால் ஒமியாய். இரு வீட்டாரும் ஒரு பொது இடத்தில் சந்தித்து, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பது. நடுவில் நகோதோ என்று ஒரு தரகர். எங்கள் ஊரில் பெண்ணைக் கோயில் வீதியில் வைத்துக் காட்டுவார்களே, ஏறக்குறைய அதே சங்கதி. வித்தியாசம், நகோதோ தனி ஆள் இல்லை, ஒரு தம்பதி.

"நல்லாக் குடும்பம் நடத்தின சோடியா இருக்கோணும்" என்றாள் யோஷிகோ.

"அதுக்கு எங்களட்டை ஏன் வந்தனீர்?"

"இந்தப் பக்கத்திலை எனக்கு வேறை ஆர்? டேனிஷ்காரரைக் கேட்டா, அதைப் பிள்ளையளே பாத்துக்கொள்ளுவினம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம்."

அதில் நியாயம் இருந்தது. பிறகு அவள் தலையைக் குனிந்து மீதியையும் சொன்னாள். கென்னும் ஹருகாவும் ஓல்போர்க்கில் பதினாலு மாதமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஹருகா அங்கே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. தகப்பனுக்கு இது தெரியாது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாசகர்களே, இந்த வேலையை நான் டென்மார்க்கிலேயே மூன்று முறை செய்திருக்கிறேன். காதலை, பெரியவர்கள் பேசிச் செய்கிற பேச்சுக்கால் கலியாணமாக மாற்றுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு மாப்பிள்ளைப் பையன், நாலு வருடமாகத் தினம் பேசுகிற பெண்ணுக்கு முன்னால் எழுந்து நின்று தன் பெயரையும் படிப்பையும் சொன்னான். அவள் "அப்படியா" என்றாள். பெரியவர்கள் கண் கலங்கினார்கள்.

"வாறம்" என்றேன். இவரை நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

விவரத் தாள்

எங்களுக்குச் சாதகக் குறிப்பு. அவர்களுக்கு ஒரு விவரத் தாளும் படமும். தாளில் படிப்பு, வேலை, தாய் தகப்பன், உடல்நலம், பொழுதுபோக்கு எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்க வேண்டும். படத்தை மடித்த அட்டைக்குள் வைத்து, எங்கள் கையால்தான் மற்ற வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். நட்சத்திரம் கேட்பதில்லை. இரத்த வகை பார்க்கிற ஆட்கள் உண்டாம். கென் ஓ என்று எழுதியிருந்தான். பொருத்தம் உத்தமமா மத்திமமா என்று கேட்டேன். ஓ எல்லாருடனும் ஒத்துப்போகும் என்றாள் யோஷிகோ. இவருடைய அனுஷ நட்சத்திரத்தைப் பற்றி என் தாயாரும் இதைத்தான் சொன்னார்.

முந்தி அங்கே அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு ஆள் விட்டு விசாரிப்பார்களாம். எனக்கு அந்த நாட்டின் மேல் பெரிய பாசம் வந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்கு முன் இவர் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் சந்திக் கடையில் மூன்று சோடா குடித்து விசாரித்தவர். கடைக்காரர் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொன்னாராம். அதையும் கேட்டுவிட்டுத்தான் இவர் வந்தார். இனி வேறு யாரையும் அவர் குறை சொல்ல முடியாது.

நிஷிமுரா வீட்டுத் தாளில் இரண்டு விவரம்தான் என் கண்ணில் பட்டது. ஒன்று, ஒரே மகள். மற்றது, தகப்பனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் கடை. பாட்டன் காலத்திலிருந்து வீட்டுப் பெயரைப் பலகையில் போட்டு நடக்கும் கடை. சைக்கிள் கடைக்காரர் சம்பந்தம் டென்மார்க்கில் யாருக்குக் கசக்கும் என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்தேன். அந்த இரண்டு விவரத்தையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

தாழ்த்துகிற போட்டி

மேசைக்கு வருகிறேன். தரகியின் முதல் கடமை, இரு பக்கத்தையும் உயர்த்திச் சொல்வது. அதில் நான் சோடை போனதில்லை. எழுந்து நின்று, நிஷிமுரா ஐயாவுக்கு விளங்கும் ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"கென் மிகவும் கெட்டிக்காரன்."

யோஷிகோ உடனே குனிந்து, "இல்லையில்லை, மந்தமான பிள்ளை" என்றாள்.

"நல்ல சமையல்காரன்."

"முட்டை கூட ஒழுங்காக அவிக்கத் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு படி ஏற்றினால் பெற்ற தாய் இரண்டு படி இறக்குகிறாள். சரி, அந்தப் பக்கம் போவோம் என்று ஹருகாவின் படிப்பைப் புகழ்ந்தேன். நிஷிமுரா ஐயா எழுந்து, தன் மகளுக்குப் பிடிவாதம் அதிகம், வீட்டு வேலை தெரியாது, இவ்வளவு பெரிய இடத்துக்கு அவள் தகுதியில்லை என்று மிகப் பணிவாகச் சொன்னார். சம்பந்தம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். பார்த்தால் இரு வீட்டாரும் முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் தங்கள் பிள்ளையை அதிகம் தாழ்த்துகிறாரோ அவர் வீடு உயர்ந்த வீடு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் ஆட்கள் இந்த முறையில் பெண் பார்த்தால் ஒரு கலியாணமும் ஒப்பேறாது.

பிறகு பிள்ளைகள் பேச வேண்டிய நேரம். கென் தொண்டையைச் செருமினான்.

"உங்களுடைய பொழுதுபோக்கு என்ன?"

பதினாலு மாதமாக அவளுடைய உடுப்பை மடித்து அலுமாரியில் வைக்கிறவன் கேட்கிறான். ஹருகா கண்ணைத் தாழ்த்தி, "புத்தகம் வாசிப்பேன். உங்களுக்கு?" என்றாள். "படகு வலிப்பேன்" என்றான். அந்தப் படகு அவர்களுடைய வீட்டு நடையிலிருந்து அவசரமாக அகற்றப்பட்டு, இரண்டு கிழமையாக எங்கள் காராஜில் கிடந்தது.

இதற்கு அடுத்த கட்டமும் முறையில் உண்டு. இனிப் பிள்ளைகள் தனியாகத் தோட்டத்தில் உலாவட்டும் என்று தரகி சொல்ல வேண்டும். சொன்னேன். தோட்டம் என்று அங்கே இருந்தது கார் தரிப்பிடமும் நாலு புல்லும். மழையோ பக்கவாட்டில் அடித்தது. இருவரும் மரியாதையாக எழுந்து போய்க் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். யோஷிகோ கை கழுவப் போனாள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் அவள் மகனைக் கொடுத்தேன்.

ஒரே ஒரு ஓம்

நிஷிமுரா ஐயா என் பக்கம் திரும்பி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, மெல்லிய ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. என் மகளைக் கட்டுகிறவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஆசை. அந்த வீட்டாருக்கு இது கஷ்டமாக இருக்குமா?"

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். அப்படி வராவிட்டால்தான் ஊர் கதைக்கும்.

"ஒரு கஷ்டமும் இல்லை," என்றேன். "எங்களிடமும் அதுதான் வழக்கம். என் கணவரும் என் வீட்டுக்கு வந்தவர்தான்."

இவர் தலையாட்டினார். நிஷிமுரா ஐயா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையில் நெற்றி முட்டுமளவுக்குக் குனிந்தார். அவர் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். என் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

யோஷிகோ திரும்பி வந்தபோது எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவை முறைப்படி வீட்டுக்குப் போய்த்தான் தரகி சொல்ல வேண்டும் என்று அவளே எனக்குப் படிப்பித்திருந்தாள். முறையில் அந்த ஒன்றை மட்டும் கவனமாகக் கடைப்பிடித்தேன்.

ஊதாத் துணிப் பொட்டலம்

செவ்வாய்க்கிழமை நிஷிமுரா ஐயா ரயில் பிடித்து ஹொல்ஸ்டெப்ரோவுக்கே வந்துவிட்டார். இவர் அப்போது காய்கறித் தோட்டத்தில். ஐயா, ஊதா நிறத் துணியில் கட்டிய பெட்டி ஒன்றை என் கையில் தந்தார். நிச்சயப் பொருட்கள். மனதில் ஒரு நம்பிக்கையோடு ஜப்பானிலிருந்தே கொண்டுவந்தாராம். வெள்ளிக்கிழமை அவர்கள் பஞ்சாங்கத்தில் நல்ல நாள். அன்று நான் யோஷிகோவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அவர் போய்ப் பஸ் ஏறுமட்டும் பொறுத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். வேறு யாராவது திறக்காமல் இருந்திருப்பார்களா? மொத்தம் ஐந்து பொருள். ஒரு விசிறி. வெள்ளைச் சணல் நூல், கிழவியின் தலைமயிர் போல. சேர்ந்து நரைக்கட்டும் என்று அர்த்தம். காய்ந்த கடற்பாசி. ஏதோ சிப்பியின் காய்ந்த கீற்று. கடைசியாக, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், கணவாய்க் கருவாடு. அசல் கணவாய், தட்டையாக, பொன் நிறத்தில். கருவாடு வைத்து நிச்சயம் செய்கிற சனத்தோடு நாங்கள் நூறு வருடம் முந்தியே சம்பந்தம் செய்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை யோஷிகோ தற்செயலாகக் கோப்பி குடிக்க வந்தாள். பொட்டலம் குசினி மேசையில் இருந்தது. அவள் கண் அதில்தான் நின்றது.

"இது எங்காலை?"

எனக்கு வாய் நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை தரவேண்டியது. பரவாயில்லை, பாரும். அவை உமக்குத் தந்தது."

அவள் துணியை அவிழ்த்தாள். அவிழ்த்தபடி நின்றாள்.

"எங்கட முறையிலை மாப்பிள்ளை வீட்டார்தான் பொம்பிளை வீட்டுக்கு இதைக் குடுக்கிறது."

"பெரிய மனம் அவைக்கு. முந்தியிட்டினம்."

"பொம்பிளை வீட்டார் தந்தா அதுக்கு வேறை கருத்து." அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "அவர் உம்மட்டை என்ன கேட்டவர்?"

சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

அப்போதுதான் அவள் விளங்கப்படுத்தினாள். வீட்டுக்கு வருவது என்றால் குடியிருக்க வருவது மட்டும் இல்லை. கென்னை அவர்கள் தங்கள் மகனாகத் தத்தெடுப்பார்கள். அவன் செத்துப்போன தகப்பனின் பெயரை விட்டு நிஷிமுரா ஆவான். கடையும் அவர்களுடைய முன்னோர்களின் சமாதியும் அவன் பொறுப்பு. இருப்பது ஜப்பானில். இவ்வளவு பெரிய விஷயத்தை நேரில் கேட்கக்கூடாது என்பதால்தான் தரகர் மூலம் கேட்பது. கேட்டுச் சொல்கிறேன் என்று தரகர் சொல்வார். வேண்டாம் என்றால் யார் முகமும் கறுக்காமல் அது அங்கேயே அமிழ்ந்து போகும்.

"நீர் ஓம் எண்டு சொல்லிப்போட்டீர்" என்றாள்.

என்னை நாலு பேச்சுப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து, தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "எங்களுக்காக எவ்வளவு ஓடித் திரிஞ்சனீர். பெரிய உபகாரம்" என்று குனிந்தாள். தொப்பியை மறந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள்.

குசினி மணம்

அறைக்குள் போய்ப் படுத்து அழுதேன். சனிக்கிழமைகளில் அவள் யாருக்குச் சோறு வைப்பாள் என்ற ஒரு நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. மணம் ஒன்று என்னை எழுப்பியது. செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், அதற்கு மேலே இன்னொன்று. ஓடிப் போனேன். இவர் தாச்சியைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"கனடாவிலை இருந்து உம்மட தங்கச்சி அனுப்பினதே? நல்ல கணவாய். உப்புத்தான் காணாது. உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டியிருக்கிறன்."

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், வழக்கம்போல் பழியை அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.

"நீங்களும் அண்டைக்குத் தலையாட்டினீங்கள்தானே?"

"நான் உம்மட வீட்டை வந்தனான் எண்டு சொன்னீர். உண்மைதானே. அதுக்கு ஆட்டினனான்."

அடுப்பை நிறுத்தினார். "வெளிக்கிடும். நீர் குடுத்த வாக்கை நீர்தான் போய் எடுக்கோணும். நான் காரை எடுக்கிறன்."

ஓல்போர்க்குக்குப் புறப்பட்டோம். என் மடியில் ஊதாத் துணியில் நாலு பொருள். எங்கள் இருவர் மேலும் கருவாட்டு மணம்.

வந்த மாப்பிள்ளைகள்

விடுதி வரவேற்பறையில் நிஷிமுரா ஐயா தனியாக வந்தார். மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். பெட்டியை அவர் முன் வைத்தேன். தரகி சுற்றி வளைத்துப் பேச வேண்டும் என்பது முறை. எனக்கு அது வராது.

"என்னுடையது அல்லாததை நான் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்," என்றேன். "யோஷிகோவுக்கு ஒரே மகன். அவளிடம் கேளாமல் ஓம் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்துச் சொன்னேன். பிழை என்னுடையது. அதோடு இன்னொன்று. கணவாயை இவர் கறி வைத்துவிட்டார்."

அவர் பெட்டியைத் திறந்தார். எண்ணினார். பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சினார். பிறகு என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்.

"நீங்கள் மனைவி வீட்டுக்குப் போனீர்கள். உங்கள் அம்மா?"

இவருடைய ஆங்கிலம் இறைச்சித் தொழிற்சாலையில் பொறுக்கியது. யோசித்து யோசித்துச் சொன்னார். "அப்பா இல்லை. நான் ஒரே மகன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் இரண்டு பேருக்குச் சமைத்தா. பழக்கம். மிச்சத்தைக் காகத்துக்கு வைத்தா."

முப்பத்தெட்டு வருடத்தில் இதை நான் கேட்டது அதுதான் முதல்முறை. தீபாவளி வருசப்பிறப்புக்கு மாமியிடம் கரவெட்டிக்குப் போவோம், பலகாரம் கொண்டு போவோம், மாமி சிரித்த முகமாக இருப்பா. ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நிஷிமுரா ஐயா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் போனவன்," என்றார். "நிஷிமுரா என் மனைவி வீட்டுப் பெயர். எனக்கு முந்தி வேறு பெயர். அப்போதும் ஒரு தரகர் இருந்தார். உங்களைப் போலவே உடனே ஓம் சொன்னார். என் அம்மாவை யாரும் கேட்கவில்லை."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் காலை மிதித்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், மாமனார் வீட்டில் முதல்நாள் எந்தக் கதிரையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றதைப் பற்றி இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்கள். இவர் சிரித்தார். என் தகப்பனாரின் சாய்மனைக் கதிரையில் தெரியாமல் உட்கார்ந்ததையெல்லாம் சொன்னார். கலியாணமான நாளிலிருந்து நான் இவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

கடைசியில் நிஷிமுரா ஐயா பெட்டியை மூடித் துணியைக் கட்டினார்.

"இதில் நாலு இருக்கிறது. நாலு ஆகாத எண். நாலு வைத்து நிச்சயம் செய்ய முடியாது. ஆகவே நான் ஒன்றும் தரவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை."

"அப்போ கலியாணம்?" என்றேன். காலை மிதித்தாலும் சில கேள்விகள் நிற்காது.

"கலியாணம் பிள்ளைகளுடையது. எப்படியும் ஹருகாவின் குளியலறையில் ஒரு ஆணின் சவர அலகு இருக்கிறது. அவள் அம்மா எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

கடைப் பலகையை இனி என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நானும் கேட்கவில்லை. எழுந்து நின்று குனிந்தேன். அன்று அவர் நிமிருமட்டும் நான் நிமிரவில்லை.

யோஷிகோவின் மேசை

திரும்பும் வழியில் நேரே யோஷிகோ வீட்டுக்குப் போனோம். இவர் காரிலேயே இருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிப்போட்டு உள்ளே ஓடினேன்.

அவள் மேசை நிறையத் தாள்கள், படங்கள். கென்னின் பள்ளிக்கூட அறிக்கைகள், தடுப்பூசி அட்டை. நடுவில் ஒரு சின்ன மரப்பெட்டி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, புதுத் துணியில் பாதி சுற்றியபடி.

"என்ன இது?"

"கென்ர தொப்புள்கொடி. பிறந்த உடனை எடுத்து வைக்கிறது. மகன் எங்களை விட்டுப் போகேக்கை கையிலை குடுத்துவிடுவம்." அவள் துணியின் நுனியை நேராக்கினாள். "சனிக்கிழமை வருவான். போ எண்டு சொல்லப் போறன். நான் சொன்னாப் போவான்."

"உமக்கு விருப்பமில்லாமல் ஏன் சொல்லோணும்?"

"நீர் வாக்குக் குடுத்திட்டீர். நான் மாட்டன் எண்டா உம்மட முகம் என்னாகும்?"

நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். ஒரு பேச்சும் இல்லாமல், கோபமும் இல்லாமல், என் வாய் பொய்யாகக்கூடாது என்று இருக்கிற ஒரே பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நடந்ததை அழுகையோடு அழுகையாகச் சொல்லி முடித்தேன். பெயர் போகாது, பிள்ளை போகாது, கலியாணம் நிற்காது.

யோஷிகோ துணியை அவிழ்த்தாள். பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தாள், எனக்குக் காட்டவில்லை. மூடி, மேசை இலாச்சியின் அடியில் வைத்து இலாச்சியைத் தள்ளினாள். அது பாதியில் இறுகியது. இரண்டு கையாலும் தள்ளி மூடினாள்.

பிறகு சோற்றுப் பானையைத் தூக்கிப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"சனிக்கிழமை அவள் ஹருகாவும் வருவாளோ? மூண்டு பேருக்கு இந்தப் பானை காணுமோ எண்டு பாக்கிறன்."